மூன்றாம் மாடிக்கு ஏறி வரும் படிப்பு

கியூபெக்கில் ஆம்புலன்ஸ் சீருடை அணிய மூன்று ஆண்டுக் கல்லூரிப் படிப்பு, மாகாண அளவிலான தேர்வு, தனி ஓட்டுநர் உரிமம், அரசுப் பதிவேட்டில் பெயர் இத்தனையும் வேண்டும். மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதித் தமிழர்கள் இந்தப் பாதையைத் தெரிந்துகொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது.

அங்குள்ள பிளாமொண்டான் மெட்ரோ நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் பழைய செங்கல் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. மூன்று மாடி, நான்கு மாடி. பலவற்றில் லிஃப்ட் கிடையாது. 1980களில் இலங்கையிலிருந்து வந்து சேர்ந்த தமிழர்களில் பலருக்கு மொன்றியலில் கிடைத்த முதல் முகவரி இப்படியொரு கட்டடத்தில்தான். அன்று இருபத்தைந்து வயதில் மூட்டையோடு ஓடி ஏறிய படிகளை, அவர்களில் சிலர் இன்று கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்று நின்று ஏறுகிறார்கள்.

ஒரு ஜனவரி இரவு, அந்த மூன்றாம் மாடியில் ஓர் அம்மாவுக்கு நெஞ்சை இறுக்கிப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மகன் 911-ஐ அழைக்கிறார். மருத்துவ உதவிதான் தேவை என்று தெரிந்ததும், மாநகர மையம் அந்த அழைப்பை உர்ஜான்ஸ்-சான்தேயின் தொடர்பு மையத்துக்கு மாற்றுகிறது. மொன்றியல், லவால் இரண்டு தீவுகளுக்கும் ஆம்புலன்ஸ் அனுப்பும் பொது நிறுவனம் அது. எதிர்முனையில் இருப்பவர் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. மூச்சு விடுகிறாரா, நினைவு இருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா என்று போகும் அந்த வரிசையை 1970களின் இறுதியில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் டாக்டர் ஜெஃப் கிளாசன் வகுத்தார். பதில்களைப் பொறுத்து அழைப்புக்கு ஒரு குறியீடு விழும். எந்த வண்டி, எவ்வளவு அவசரமாகப் புறப்பட வேண்டும் என்பதை அந்தக் குறியீடு சொல்லும்.

உயிர் ஊசலாடும் அழைப்புகளில், மொன்றியலில் பெரும்பாலும் முதலில் படியேறி வருபவர்கள் தீயணைப்பு வீரர்கள். முதலுதவிப் பணியாளர்களாகவும் பயிற்சி பெற்றவர்கள் அவர்கள். பின்னாலேயே இரண்டு பாராமெடிக்குகள் வருகிறார்கள். ஒருவர் வலி எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது என்று கேட்டுக்கொண்டே நாடி பிடிக்கிறார். மற்றவர் நெஞ்சிலும் கைகால்களிலும் பட்டைகளை ஒட்டி ஈ.சி.ஜி. எடுக்கிறார். ஒவ்வாமை இல்லையென்று உறுதிசெய்துகொண்டு, மென்று விழுங்க ஆஸ்பிரின் கொடுக்கிறார். மாரடைப்பின் அடையாளம் தெரிந்தால், அடைப்பை உடனே திறக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு முன்கூட்டியே தகவல் போகிறது. பிறகு அம்மாவை நாற்காலியில் இருத்தி, குறுகலான படிவளைவுகளில் திருப்பித் திருப்பி, பனி உறைந்த வாசல் வரை இறக்குகிறார்கள்.

இத்தனையும் சில நிமிடங்களில் நடந்து முடிகிறது. நம் வீடுகளில் பலர் இன்னும் இவர்களை "ஆம்புலன்ஸ் டிரைவர்" என்றே சொல்கிறார்கள். அந்தப் பெயருக்குள் மூன்று ஆண்டுப் படிப்பு மறைந்துபோகிறது. அதனால்தான் மேல்நிலைப் பள்ளிக்குப் பின் என்ன படிக்கலாம் என்று வீட்டில் பேச்சு வரும்போது இந்தத் தொழில் யாருடைய வாயிலும் வருவதில்லை.

சவவண்டி ஆம்புலன்ஸாக இருந்த காலம்

வட அமெரிக்காவின் பல ஊர்களில், கியூபெக் உட்பட, ஒரு காலத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டியவை இறுதிச்சடங்கு நிறுவனங்கள். ஒரு மனிதரைப் படுக்கவைத்துக் கொண்டுபோகும் நீளமான வண்டி அவர்களிடம்தான் இருந்தது. நோயாளியைத் தூக்கி ஏற்றுவதும் வேகமாக ஓட்டுவதும்தான் வேலை. வழியில் சிகிச்சை எதுவும் கிடையாது.

1966-இல் இந்த நிலை மாறத் தொடங்கியது. பெல்ஃபாஸ்ட் நகரின் இதய மருத்துவர் ஃப்ராங்க் பான்ட்ரிட்ஜ், தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை மின்னதிர்ச்சியால் சீராக்கும் டிஃபிபிரிலேட்டரை வண்டியில் ஏற்றி நோயாளியின் வீட்டுக்கே அனுப்பினார். அவர் முதலில் உருவாக்கிய கருவியின் எடை சுமார் 70 கிலோ. அதே ஆண்டில் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகம் வெளியிட்ட அறிக்கை, விபத்தில் சிக்குபவர்களுக்கு மருத்துவமனைக்கு வெளியே கிடைக்கும் கவனிப்பு எவ்வளவு மோசம் என்பதை வெளிச்சம் போட்டுக் காட்டியது.

அடுத்த ஆண்டு பிட்ஸ்பர்க்கில் நடந்ததைக் குடியேறிகளாகிய நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் யாராவது மயங்கி விழுந்தால், போலீஸ் வேன்தான் வந்து அள்ளிப்போட்டுக்கொண்டு போகும். நெஞ்சை அழுத்திச் செயற்கை மூச்சு தரும் சிபிஆர் முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான டாக்டர் பீட்டர் சேஃபர், அந்தப் பகுதியிலேயே வேலையின்றி இருந்தவர்களைத் தேர்ந்தெடுத்து, சுமார் 300 மணி நேரப் பயிற்சி கொடுத்தார். 1967-இல் உருவான அந்த ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவை, அன்றைய அமெரிக்காவில் எங்கும் இல்லாத தரத்தை எட்டியது. 1975-இல் நகராட்சி தன் சொந்தச் சேவையைத் தொடங்கியபோது ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. ஆனால் அதன் மருத்துவ இயக்குநராக இருந்த டாக்டர் நான்சி கரோலைன் எழுதிய பாடநூலை வைத்தே பின்னர் தலைமுறை தலைமுறையாகப் பாராமெடிக்குகள் படித்தார்கள். யாரும் பொருட்படுத்தாத ஒரு குடியிருப்பின் பிள்ளைகள், முறையான பயிற்சி கிடைத்ததும், ஒரு தொழிலுக்கே அளவுகோல் வகுத்தார்கள்.

மொன்றியலில் உர்ஜான்ஸ்-சான்தே 1981-இல் பிறந்தது. ஆரம்ப ஆண்டுகளில் மருத்துவர்களே வாகனத்தில் அழைப்புகளுக்குப் போனார்கள். ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்குத் தனியாக அனுமதிக்கப்பட்ட மருத்துவச் செயல்கள் குறைவு. 2000-ஆம் ஆண்டு இறுதியில் அலென் டிகேர் தலைமையிலான குழு அரசிடம் அளித்த அறிக்கை, மருத்துவமனைக்கு முந்தைய அவசர சேவை என்பதே இனிமேல்தான் கட்டியெழுப்பப்பட வேண்டிய ஓர் அமைப்பு என்று சொன்னது. 2002-இல் அதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. யார் முதலுதவிப் பணியாளர், யார் ஆம்புலன்ஸ் தொழில்நுட்பர் (பாராமெடிக்), யார் அவர்களுக்கு மருத்துவப் பொறுப்பு ஏற்பவர் என்ற வரையறைகள் அந்தச் சட்டத்தால் உறுதிபெற்றன.

சீருடைக்கு முன் நான்கு வாசல்

முதல் வாசல் படிப்பு. கியூபெக்கில் மேல்நிலைப் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் செஜெப் என்ற கல்லூரி நிலை இருக்கிறது. அங்கே "மருத்துவமனைக்கு முந்தைய அவசர சிகிச்சை" என்ற மூன்று ஆண்டுத் தொழில்நுட்பப் படிப்பு உண்டு. முன்பு இதைவிடக் குறுகிய சான்றிதழே போதுமாக இருந்தது. இப்போது இந்த டிப்ளோமாதான் நுழைவுத் தகுதி. மொன்றியலில் அஹன்ட்சிக் கல்லூரி பிரெஞ்சில் நடத்துகிறது. தீவின் மேற்கு முனையில் உள்ள ஜான் அபட் கல்லூரி ஆங்கிலத்தில் நடத்துகிறது.

உடற்கூறு, நோய்க்குறியியல், விபத்துக் காயங்கள், பிரசவம், குழந்தைகள், முதியோர், மனநல நெருக்கடி, மருந்துகள், அவசர வாகனம் ஓட்டுதல், முதுகெலும்பு கெடாமல் நோயாளியைத் தூக்கும் முறை ஆகியவற்றோடு ஆம்புலன்ஸிலும் மருத்துவமனையிலும் களப்பயிற்சி உண்டு. எல்லா செஜெப் மாணவர்களையும்போல இவர்களும் இலக்கியம், மொழி, தத்துவம் அல்லது மானுடவியல் சார்ந்த பாடங்கள், உடற்கல்வி படித்தாக வேண்டும். பிரெஞ்சுக் கல்லூரியில் படிப்பவர் மாகாணப் பிரெஞ்சுத் தேர்வில் தேறினால்தான் டிப்ளோமா கையில் வரும். இவையெல்லாம் எதற்கு என்று பிள்ளைகள் சலித்துக்கொள்வது உண்டு. கணவரை இழந்த நிமிடத்தில் இருக்கும் ஒரு பெண்ணிடம் என்ன பேசுவது, பேசாமல் எவ்வளவு நேரம் நிற்பது என்பதை ஈ.சி.ஜி. இயந்திரம் கற்றுத்தராது. மனிதரைப் படிக்கும் பாடங்களுக்கும் இந்த வேலையில் இடம் உண்டு.

இரண்டாம் வாசல், டிப்ளோமா முடித்தவர் எதிர்கொள்ளும் தேசிய ஒருங்கிணைப்புத் தேர்வு. இங்கே "தேசியம்" என்பது கியூபெக் மாகாணத்தைக் குறிக்கும். எந்தக் கல்லூரியில் படித்திருந்தாலும், மாகாணம் முழுவதற்கும் பொதுவான சிகிச்சை நெறிமுறைகளை இவரால் பிழையின்றிப் பின்பற்ற முடியுமா என்று பார்ப்பதற்கான தேர்வு அது. மூன்றாம் வாசல் 4ஏ வகுப்பு ஓட்டுநர் உரிமம். அவசர வாகனங்களுக்கென்றே உள்ள வகுப்பு அது. நான்காம் வாசல் சுகாதார அமைச்சின் தேசியப் பதிவேடு. அதில் பெயர் ஏறி, தகுதி அட்டை கிடைத்த பிறகே ஒருவர் ஆம்புலன்ஸ் தொழில்நுட்பராகப் பணிசெய்ய முடியும்.

உள்ளே போன பிறகும் தேர்வுகள் ஓய்வதில்லை. நெறிமுறை மாறும்போதெல்லாம் மறுபயிற்சி உண்டு. சிகிச்சைப் பதிவுகள் மருத்துவப் பொறுப்பாளர்களின் தரக் கண்காணிப்புக்கு உட்பட்டவை. நோயாளி மயங்கிக் கிடக்கிறார். பணியாளரின் தகுதியைக் கேட்டு விசாரிக்கும் நிலையில் அவர் இல்லை. அவருக்காக முன்கூட்டியே விசாரித்து வைத்திருப்பதுதான் சான்றிதழ். இத்தனை வாசல்களும் மாணவருக்குத் தொல்லையாகத் தெரியலாம். மூன்றாம் மாடியில் படுத்திருக்கும் அம்மாவுக்கு அவை உரிமை.

எங்கே கொண்டுபோவது என்பதும் சிகிச்சைதான்

கோட்-டெ-நெய்ஜுக்கு மருத்துவமனைகளில் குறைவே இல்லை. 1924-இல் தோன்றிய செயின்ட் மேரிஸ், 1934-இல் திறந்த ஜூயிஷ் ஜெனரல், 1907-இல் தொடங்கி 1957-இல் கோட்-சென்ட்-கேத்ரின் சாலைக்கு வந்த குழந்தைகள் மருத்துவமனையான சென்ட்-ஜுஸ்தீன் மூன்றும் நடக்கும் தூரத்துக்குள் இருக்கின்றன. அப்படியிருக்க, கார் மோதிப் படுகாயமடைந்த ஒருவரை ஏற்றிய ஆம்புலன்ஸ் ஜூயிஷ் ஜெனரலைத் தாண்டிப் போவதைப் பார்க்கும் உறவினர் பதறுவார். "பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருக்கிறதே" என்று கத்துவார்.

அந்த முடிவுக்குப் பின்னால் கியூபெக் 1990களில் கட்டியெழுப்பிய விபத்துச் சிகிச்சை அமைப்பு இருக்கிறது. படுகாயமடைந்த பெரியவர்களுக்கு மொன்றியல் ஜெனரல் அல்லது சாக்ரே-கேர், குழந்தைகளுக்கு சென்ட்-ஜுஸ்தீன் அல்லது மொன்றியல் சில்ட்ரன்ஸ் என்று மையங்கள் பிரிக்கப்பட்டன. அருகில் உள்ள மருத்துவமனையில் இறக்கிவிட்டு அங்கிருந்து மாற்றுவதைவிட, நேரே உரிய மையத்துக்குக் கொண்டுபோவது உயிர்களைக் காத்தது. படுகாயமடைந்தோரின் இறப்பு விகிதம் அந்தப் பத்தாண்டில் பெருமளவு குறைந்தது. காயத்தின் அளவைத் தெருவில் நின்று கணித்து, பக்கத்து வாசலைத் தாண்டிப் போகும் துணிவு பயிற்சியிலிருந்து வருகிறது.

கியூபெக் பாராமெடிக்கின் அதிகாரத்துக்கு எல்லையும் உண்டு. ஆஸ்பிரின், நைட்ரோகிளிசரின், அட்ரினலின், சல்பியூட்டமால், குளூக்ககான் போன்ற சில மருந்துகளை நெறிமுறைப்படி கொடுக்கலாம். மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துவது போன்ற செயல்கள் மேல்நிலைப் பாராமெடிக்குக்கு உரியவை. அந்த மேல்நிலைப் படிப்பு கோட்-டெ-நெய்ஜிலேயே, மலைச்சரிவில் நிற்கும் மொன்றியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 60 கிரெடிட் கொண்ட பல்கலைக்கழகப் படிப்பு அது.

மேல்நிலைத் திறன் கூடினால் உயிர் பிழைப்போர் எண்ணிக்கையும் கூடிவிடும் என்று முடிவுகட்டவும் முடியாது. ஒன்டாரியோவின் 17 நகரங்களில் இதயம் நின்ற 5,600-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்த ஓபல்ஸ் ஆய்வு 2004-இல் வெளியானது. விரைவான டிஃபிபிரிலேட்டர் சேவை ஏற்கெனவே இருந்த இடங்களில் மேல்நிலைப் பாராமெடிக்குகளையும் சேர்த்தபோது, உயிர் பிழைத்து வீடு திரும்பியோர் 5.0 சதவீதத்திலிருந்து 5.1 சதவீதமானார்கள். வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். பெரிய வித்தியாசம் வேறிடத்தில் தெரிந்தது: அருகில் இருந்த ஒருவர் உடனே சிபிஆர் செய்தவர்களும், விரைவாக மின்னதிர்ச்சி பெற்றவர்களும் பல மடங்கு அதிகமாகப் பிழைத்தார்கள். ஆகவே பயிற்சி என்ற பொறுப்பில் ஒரு பங்கு பாராமெடிக்குக்கு, இன்னொரு பங்கு அவர் படியேறி வருவதற்குள் அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு.

ஸ்காபரோ, சென்னை, யாழ்ப்பாணம்

ஒன்டாரியோவில் பாதை சற்றே வேறு. அங்கே இரண்டு ஆண்டுக் கல்லூரிப் படிப்பு, ஏ.இ.எம்.சி.ஏ. என்ற மாகாணத் தேர்வு, எஃப் வகுப்பு ஓட்டுநர் உரிமம். அதற்கும் மேலே, மருத்துவமனை ஒன்றின் மருத்துவ இயக்குநர் ஒவ்வொரு பாராமெடிக்குக்கும் தனித்தனியே அங்கீகாரம் அளிக்க வேண்டும். தமிழர்கள் திரளாக வாழும் ஸ்காபரோவில் சென்டெனியல் கல்லூரி இந்தப் படிப்பை நடத்துகிறது.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அதில் மருத்துவ உதவியாளராகச் சேர நர்சிங், ஆய்வகத் தொழில்நுட்பம் அல்லது உயிரியல் சார்ந்த பட்டம் என்று ஏதாவது ஒரு தகுதி வேண்டும். தேர்வானவர்களுக்கு வகுப்பறை, மருத்துவமனை, வாகனம் மூன்றிலுமாக 50 நாள் பயிற்சி. களத்தில் சந்தேகம் வந்தால் கட்டுப்பாட்டு மையத்தில் உள்ள மருத்துவர் தொலைபேசியில் வழிகாட்டுவார். மலைக்கிராமச் சாலையோரத்தில், ஓடும் வண்டியில், பிரசவம் பார்த்துத் தாயையும் சேயையும் காப்பாற்றிய பல உதவியாளர்கள் அந்த 50 நாள் பயிற்சியிலிருந்து வந்தவர்கள்தான். அவர்களின் திறமையில் குறை சொல்ல ஏதுமில்லை. அந்தத் திறமைக்கு ஈடான நீண்ட படிப்பும், வேறு வேலைக்கு மாறினாலும் கூடவே வரும் பதிவும், கௌரவமான ஊதியமும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். இந்தியா 2021-இல் கொண்டுவந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், அவசர மருத்துவத் தொழில்நுட்பரைப் பதிவுக்குரிய தொழிலாக ஏற்றிருக்கிறது. சட்டப்புத்தகத்தில் உள்ளது ஒவ்வோர் ஆம்புலன்ஸிலும் நடைமுறைக்கு வரவேண்டும்.

இலங்கையில் 1990 என்ற எண்ணில் அழைக்கும் சுவசெரிய ஆம்புலன்ஸ் சேவை இந்திய நிதியுதவியோடு 2016-இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது. வடக்குக்கு அது வந்தது 2018 ஜூலையில். யாழ்ப்பாணத்தில் தொடக்க விழா நடந்தது. முதல் அணிகளுக்கு ஹைதராபாத்தில் பயிற்சி அளிக்கப்பட்டது. 1980களில் ஊரைவிட்டு வெளியேறிய தலைமுறைக்கு, எண்ணை அழுத்தினால் வீடு தேடி மருத்துவ உதவி வரும் என்பதே அனுபவத்தில் இல்லாத ஒன்று. சைக்கிளிலும் வாடகை வேனிலும் நோயாளியைக் கொண்டுபோன நினைவுதான் அவர்களுக்கு. கோட்-டெ-நெய்ஜில் இன்றும் சில முதியவர்கள் நெஞ்சுவலியோடு மகன் வேலை முடிந்து வரும்வரை காத்திருப்பதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

நம் பிள்ளைகள் ஏன் அங்கே இருக்க வேண்டும்

கோட்-டெ-நெய்ஜும் நோட்ர்-டாம்-டெ-க்ராஸும் சேர்ந்த நிர்வாகப் பிரிவில் 1,60,000-க்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். மொன்றியலில் மக்கள்தொகை மிகுந்த பிரிவு அதுதான். தகாலோக், தமிழ், வங்காளம், ஸ்பானிஷ், அரபு, ரஷ்யன் என்று ஒரே படிக்கட்டில் பல மொழிகள் கேட்கும்.

பக்கவாதத்தைக் கண்டறியப் பாராமெடிக்குகள் பயன்படுத்தும் சின்சினாட்டி முறையில் மூன்று சோதனைகள் உண்டு. சிரிக்கச் சொல்வார்கள், முகம் ஒரு பக்கம் தொங்குகிறதா என்று பார்க்க. இரு கைகளையும் நீட்டச் சொல்வார்கள், ஒன்று தாழ்கிறதா என்று பார்க்க. ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள், நாக்கு குழறுகிறதா என்று கேட்க. பிரெஞ்சும் ஆங்கிலமும் அறியாத ஒரு பாட்டியிடம் அந்த மூன்றாவது சோதனையை எப்படிச் செய்வது? அவர் தடுமாறுவது மொழி தெரியாததாலா, மூளைக்கு ரத்தம் போகாததாலா? கடைசியாக அவர் நலமாக இருந்த நேரம் எது என்ற கேள்விக்கு யார் பதில் சொல்வார்கள்? ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, வாசலில் நிற்கும் இருவரில் ஒருவருக்குத் தமிழ் தெரிந்திருந்தால் கிடைக்கும் நிமிடங்கள் விலைமதிப்பற்றவை.

எல்லா வண்டியிலும் தமிழர் இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் இந்தப் பகுதியில் பிறந்து, பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, ஆங்கிலம் பேசி, வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்த மூன்று மொழிப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். இந்தத் தொழில் தேடும் தகுதியில் பாதி அவர்களிடம் பிறப்பிலேயே இருக்கிறது. மீதிப் பாதியைக் கற்றுத்தரும் கல்லூரிகள் இதே தீவில் இருக்கின்றன. கியூபெக் வாசிகள் முழுநேரமாகப் படிக்கும்போது செஜெப்பில் பாடக் கட்டணம் கிடையாது. சிறு நிர்வாகக் கட்டணங்கள் மட்டுமே.

வேலை எளிதானது என்று பொய் சொல்லக் கூடாது. இரவுப் பணி, முதுகு வலி, பனிக்காற்று, குடிபோதையில் திட்டுபவர்கள், காப்பாற்ற முடியாமல் போன குழந்தையின் முகம் எல்லாம் இதில் அடக்கம். மனக்காயத்தோடு வீடு திரும்பும் பாராமெடிக்குகள் உலகெங்கும் இருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டே தேர்ந்தெடுக்க வேண்டிய தொழில் இது. மருத்துவம் கிடைக்காததால் போகும் இரண்டாம் தேர்வாக இதை நினைத்தால் நிலைக்க முடியாது.

ஊரில் மருத்துவமோ நர்சிங்கோ படித்துவிட்டு வந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெளிநாட்டுக் கல்வியை ஒப்பிட்டு மதிப்பிடும் சான்றைக் கியூபெக் குடிவரவு அமைச்சு தருகிறது. அது கல்லூரி வாசலில் பயன்படும். ஆனால் ஆம்புலன்ஸில் பணிசெய்யும் உரிமத்துக்கு ஈடாகாது. அந்தச் சான்றையே உரிமம் என்று நம்பிப் பணத்தையும் ஆண்டுகளையும் இழக்காமல், முதலில் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்தில் நேரே கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

செய்ய வேண்டியவை

மொன்றியல் பகுதி செஜெப்புகளுக்கான முதல் சுற்று விண்ணப்பம் வழக்கமாக மார்ச் 1-இல் முடிகிறது. மேல்நிலைப் பள்ளி இறுதியாண்டில் பிள்ளை இருக்கும் வீடு, அதற்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே இந்தப் படிப்புக்கு எந்த அறிவியல், கணிதப் பாடங்கள் வேண்டும் என்று பள்ளி ஆலோசகரிடம் கேட்க வேண்டும். பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் வயதில் தவறவிட்டால் ஓராண்டு வீணாகும். கோவில்களும் தமிழ்ப் பள்ளிகளும் ஆண்டுவிழாவுக்கு மேடை போடுவதுபோல, ஆண்டுக்கு ஒரு நாள் இளம் பாராமெடிக்குகளை அழைத்துப் பேசவைக்கலாம். அதே நாளில் பெரியவர்களுக்குச் சிபிஆர் பயிற்சியும் கொடுக்கலாம்.

சிபிஆர் பயிற்சி இங்கே விருப்பத்தைப் பொறுத்த நல்ல காரியம் என்பதோடு நின்றுவிடவில்லை. உயிர் ஆபத்தில் இருப்பவருக்கு உதவி பெறும் உரிமை உண்டு என்றும், தனக்கோ பிறருக்கோ ஆபத்தில்லாதவரை ஒவ்வொருவரும் உதவ வேண்டும் என்றும் கியூபெக்கின் மனித உரிமைச் சாசனத்தின் இரண்டாம் பிரிவு கட்டளையிடுகிறது. நல்லெண்ணத்தோடு உதவப் போய்த் தவறு நேர்ந்தாலும் உரிமையியல் சட்டத்தின் 1471-ஆம் பிரிவு பாதுகாக்கிறது. இதயம் நின்றவருக்குச் சிபிஆர் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் அந்த நிமிடங்களை நிரப்பக்கூடியவர்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் இருப்பவர்கள் மட்டும்தான்.

1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை உள்ளூர் மீனவர்கள் கரைசேர்த்தார்கள். அவர்களில் பலர் மொன்றியலுக்கும் டொரன்டோவுக்கும் வந்து வாழ்வைத் தொடங்கினார்கள். முன்பின் தெரியாதவர் ஒருவரின் உயிரை இன்னொரு அந்நியர் காத்ததால் உருவான சமூகம் நாம். அந்த வேலையையே ஒரு தொழிலாக, தேர்வெழுதி, உரிமம் பெற்று, வாழ்நாள் முழுதும் செய்ய இந்த ஊர் நம் பிள்ளைகளுக்கு வழி திறந்து வைத்திருக்கிறது. அடுத்த மார்ச் 1-க்குள் கோட்-டெ-நெய்ஜின் சில வீடுகளிலிருந்தாவது அந்த விண்ணப்பம் போக வேண்டும்.